உள்ளூர் ஒதுக்கீடு

“எம்மா, நர்சுங்க எல்லாரும் மாடியில இருக்கீங்க, கீழ வார்டுல ஏன் ஒருத்தரும் இல்ல?” என்று நர்ஸ் ஜெபக்கனியிடம் மகள் ஷைனி ஒருமுறை கேட்டாள்.  மருத்துவமனை மாடியில் கையுறை மாட்டி அமர்ந்து, கடல் தாண்டி இருக்கும் நோயாளிகளை அங்குள்ள இயந்திரக் கைகளை இயக்கிப் பராமரிக்கத்தான் அரசு அவர்களுக்குப் பயிற்சி அளித்திருந்தது.

ஷைனியே காய்ச்சலில் அந்த வார்டில் கிடந்தபோது, மகளிடம் போக விடும்படி ஜெபக்கனி கண்காணிப்பாளரிடம் கெஞ்சினாள்.

“உள்ளூருக்கு நர்ஸ் அடுத்த வருஷத் திட்டத்துலதான் சிஸ்டர். இப்ப நீங்க கையை எடுத்தா அங்க ஒரு உயிர் போயிரும்” என்றார் அவர்.

அவள் கையை எடுக்கவில்லை. வார்டைப் பெருக்கும் பூரணத்தின் மடியில் ஷைனி இறந்தாள்.

மறு வருஷமும் நர்ஸ் வரவில்லை. இம்முறை பூரணமே நோயில் நினைவிழந்து அங்கே கிடந்தாள். வேலை முடிந்து இறங்கிய ஜெபக்கனி, நர்ஸ் இல்லாத அந்த வார்டில் ஈர விரிப்பை மாற்றி, பூரணத்தின் முதுகைத் துடைத்து, விடியும்வரை ஜெபித்தபடி உட்கார்ந்திருந்தாள்.