நெளிய முடியாத பாம்பு

தியேட்டர்ல பெரிய படத்துக்கு முன்னாடி ஓடுற கார்ட்டூன்ல ஒரு கீரியும் பாம்பும் இருந்துச்சுங்க. கீரி துரத்தும், பாம்பு நெளிஞ்சு தப்பிக்கும், ஜனங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க!

இந்தத் தடவை பாம்பு கீரியைப் பாத்து அலறுச்சு. "மாமா, இதே பனமரத்தை நாலு தடவை தாண்டிட்டோம்! காசை மிச்சம் பிடிக்கப் புதுசா எதுவுமே வரையல!"

"ஓடுடா பயந்தாங்கொள்ளி!"

"எப்படி ஓடுறது? உடம்பு குச்சியாட்டம் விறைச்சுப்போச்சு. நெளியிற மாதிரி வரையறதையே விட்டுட்டாங்க!"

கீரி சிரிச்சுக்கிட்டே குனிஞ்சு பாத்துச்சு. அதோட நாலு காலும் அசையவே இல்ல. பின்னாடி பனமரம் மட்டும்தான் ஓடிட்டிருந்துச்சு.

"டேய், என்னைப் பிடிச்சுக்கடா!"

"முடியல மாமா. வாய் மட்டும்தான் அசையுது."

அடுத்த கார்ட்டூன்லயும் அதே பனமரம். "டேய் மாப்ள!"ன்னு கீரி கூப்பிட்டுச்சு. தரையில பாம்புக்குப் பதிலா வெறும் கோடுதான் கிடந்துச்சு, அதுக்கு வாய் இல்ல.

கீரி தன் வாயைத் திறந்து திறந்து மூடிப் பாத்துக்கிட்டே இருந்துச்சு.