இரும்புச் சாவி

செண்பகவல்லியின் மூளைக்குள் இருந்த சிப்பை அணைக்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது. பொருத்தியவளும் நான்தான். மாத்திரைக்கு அடங்காத வலிப்பை, வருவதற்கு முன்பே கண்டு அடக்கிவிடும் சிப் அது. என் முப்பது வருட ஆராய்ச்சி. ஒன்பது வருடங்களாக அவள் ஒரு தடவைகூட விழவில்லை. மதுரையில் பணியாரக் கடை போட்டாள், கல்யாணம் செய்துகொண்டாள், பிள்ளை பெற்றாள். ஆய்வு வெற்றி என்று அறிக்கையும் எழுதிவிட்டேன். ஆய்வு முடிந்ததும் சிப்பை அணைத்துவிட வேண்டும் என்ற ஒப்பந்தத்தில், சிப்பைப் பொருத்திய அன்றைக்கே அவளிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தேன்.

"நல்லா வேலை செய்யுதுன்னுதான சொன்னீக டாக்டரம்மா. பெறகு எதுக்கு அணைக்கிறீக?"

"ஜெயிச்சிருச்சு. அதான் ஆய்வுக்குப் பணம் குடுத்தவங்க முடிச்சிட்டாங்க." சொல்லும்போதே எனக்குக் கூசியது.

"நாளைக்கு அடுப்பு பத்த வைக்கலாமா?"

"வேணாம்."

"பிள்ளையத் தூக்கலாமா?"

"உக்காந்துக்கிட்டு தூக்கு."

திரையில் விரலை வைத்தேன். பச்சைப் புள்ளி அணைந்தது.

அவள் கணவன் இருளப்பன் சட்டைப் பையிலிருந்து ஒரு பெரிய இரும்புச் சாவியை எடுத்து, அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினான். அப்புறம் பயந்துபோய் என்னைப் பார்த்தான். வலிப்புக்கு இரும்பு மருந்தில்லை என்று ஊர் ஊராகப் போய்த் திட்டியவள் நான். எத்தனையோ பேர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன்.

"கெட்டியாப் பிடிச்சுக்க தாயி" என்றேன்.