உதிரி ஃபியூஸ்

கார் பிரியர்கள் சங்கத்தின் மாதக் கூட்டம் வணிக வளாகத்தின் பார்க்கிங்கில் நடந்துகொண்டிருந்தது. மூன்று வண்டி தள்ளி ஒரு பழைய நீலக் கார் கிர்ர், கிர்ர் என்று இழுத்துவிட்டு அடங்கியது. ஓட்டுநர் இருக்கையிலிருந்தவர் இறங்கி பானட்டைத் திறந்தார்.

சங்கத்தாருக்குக் கை பரபரத்தது. உடனே போய்ச் சூழ்ந்துகொண்டார்கள்.

“பேட்டரி அவுட்டு” என்றார் பொருளாளர்.

“பேட்டரி செத்தா இப்படிச் சுத்துமா? பிளக்கு போயிருக்கும்” என்றார் செயலாளர்.

தலைவர் இருவரையும் கையமர்த்திவிட்டு, பின்சீட்டில் காதை வைத்தார்.

“சுவிட்சப் போடுங்க சார்... ம்ஹூம், சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்பு மூச்சே விடல.”

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். பம்புக்கான இடம் காலி.

“ஃபியூஸையே காணோம்! எந்த அரைவேக்காடு சார் கழட்டினான்?”

“அதான் சார் எனக்கும் புரியல” என்று பானட்டைத் திறந்தவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

தலைவர் தன் காரிலிருந்த உதிரி ஃபியூஸைக் கொண்டுவந்து செருகினார். இஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது.

“ரெண்டு நிமிஷம் சூடாகட்டும் சார்!” என்று தலைவர் கத்துவதற்குள் வண்டி வெளிவாசலைத் தாண்டிவிட்டது.

“இஞ்சின் அருமை தெரியாத மனுஷன்” என்று அலுத்துக்கொண்டார்.

சற்று நேரத்தில், அதுவரை செல்போன் குரூப்பில் மட்டுமே பழகியிருந்த புது உறுப்பினர் காபியும் கையுமாக வந்து வணக்கம் சொன்னார்.

“தலைவரே, நீங்க குரூப்ல சொன்னத அப்படியே செஞ்சுட்டேன்” என்று உள்ளங்கையை விரித்தார். அதில் ஒரு ஃபியூஸ். “இதக் கழட்டி வச்சுக்கிட்டா எந்தத் திருடனாலயும் வண்டிய நகத்த முடியாதுன்னீங்களே! வாங்க, வண்டியக் காட்டுறேன். நீலக் காரு, இங்கதான் நிறுத்தியிருக்கேன்.”