பதினோராம் பிரபு

சுவிசேஷப் புத்தகத்தை மேசை நடுவில் வைத்துவிட்டு, கஸார் எலும்புப் பலகாரம் ஒன்றை எடுத்துக் கடித்தார்.

நாளை கல்லறைத் திருநாள். எங்கள் இம்தினா ஊரில் இன்று எல்லா வீட்டிலும் எலும்பு மாதிரி செய்த இந்தப் பாதாம் பலகாரம்தான். பிரபுக்கள் சங்கத்துச் செயலாளர் என்றாலும் பல் பல்தானே. கிராம்பு போட்ட காப்பியில் முக்கித்தான் தின்ன முடிந்தது அவருக்கு.

அப்பா போய் இன்னும் நாற்பது நாள் ஆகவில்லை. துக்கத்துக்காகத் தெருக்கதவில் ஒரு பக்கம் சாத்தியே இருக்கிறது.

ஐன் ஹரூபா என்ற பரம்பரை நிலத்துக்குப் பத்தாம் பிரபு அவர். பதினோராம் பிரபு யார் என்று எழுதிக்கொண்டு போகத்தான் கஸார் வந்திருந்தார்.

அரசாங்கம் இந்தப் பட்டங்களைக் கைகழுவி வருடக்கணக்காகிறது. பட்டத்தோடு வருவது ஒழுகுகிற கூரை, ஒரு முத்திரை மோதிரம், பேராலயத்தில் முதல் வரிசையில் ஒரு நாற்காலி. அவ்வளவுதான்.

அந்த நாற்காலிக்குப் பின்வரிசையில் ஐம்பத்தெட்டு வயதுவரை உட்கார்ந்திருக்கிறேன்.

பட்டம் மூத்த மகனுக்கு. மகன் இல்லையென்றால்தான் மகளுக்கு. எங்கள் வீட்டில் மகன் இருந்தான். இதோ எதிரே உட்கார்ந்திருக்கிறான், என் தம்பி விஸ்தின்.

ஸ்லீமாவிலிருந்து எங்கள் சித்தப்பா மகன் சென்சு சங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டிருந்தான். விஸ்தின் எங்கள் ரத்தமே இல்லையாம். பட்டம் ஸ்கொலாஸ்திகா அக்காவுக்குத்தான் சேர வேண்டுமாம். என்மேல் அவ்வளவு பாசம் அவனுக்கு. எனக்குப் பிள்ளைகுட்டி இல்லை, எனக்குப் பிறகு பட்டம் அவனுக்குத்தான் என்பதை மட்டும் எழுத மறந்துவிட்டான்.

கஸார் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"சின்யூரா, அந்தக் காலத்துல இந்த வீட்ல இருந்தவங்கள்ல நீங்க ஒருத்தர்தான் மிச்சம். கோயில்ல ஞானஸ்நானம் வாங்குன விஸ்தினும், இதோ ஒக்காந்திருக்கிறவரும் ஒரே ஆளுதானா? சத்தியமா சொல்லணும்."

"உள்ளத உள்ளபடி சொல்லிடுக்கா. என் மொகத்தப் பாக்காத" என்று விஸ்தின் சிரித்தான்.

பாவம், இவனுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தின் மேல் கை வைத்தேன். அட்டை ஜில்லென்று இருந்தது.

ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன். 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வருகிற திருவிழாவில் முதல் நாற்காலி எனக்கு. சுவரில் மாட்டியிருக்கும் வம்சாவளிப் படத்தில், ஓரமாகப் பொடி எழுத்தில் இருக்கும் என் பெயர் நடுவுக்கு வந்துவிடும்.

"ஒரே ஆளுதான். எங்கம்மா பெத்த புள்ளதான் இவன்" என்றேன்.

கஸார் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் எழுந்து புதுப் பிரபுவுக்குத் தலைவணங்கிவிட்டு, இன்னொரு எலும்பைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

நான் சொன்னது பொய். சுவிசேஷத்தின் மேல் கை வைத்துச் சொன்ன பொய், சாவான பாவம்.

அம்மா பெற்ற விஸ்தின் மூன்றாம் மாதத்திலேயே காய்ச்சலில் போய்விட்டான். அப்போது எனக்கு ஏழு வயது. அம்மாவுக்கு இனிப் பிள்ளை பிறக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கோயிலில் அடக்கம் செய்தால் சாவு பதிவேட்டில் ஏறிவிடும். அப்பா தன் கையாலேயே முற்றத்து நாரத்தை மரத்தடியில் குழி தோண்டினார்.

மறுநாள் காலை, வல்லெட்டாவில் கன்னியாஸ்திரிகள் நடத்திய அனாதை விடுதியிலிருந்து அதே வயதில் ஒரு குழந்தை வந்தது.

"இவன்தான் உன் தம்பி" என்றார் அப்பா.

இத்தனையும் பட்டம் ஒரு பெண் கைக்கு, என் கைக்கு, வந்துவிடக் கூடாது என்பதற்காக.

முதல் பிறந்தநாளன்று அவன் முன்னால் தட்டு வைத்தார்கள். முட்டை, ஜெபமாலை, பேனா, முத்திரை மோதிரம். குழந்தை எதைத் தொடுகிறதோ அதுதான் அதன் தலையெழுத்து. அவன் முட்டைக்குத்தான் தவழ்ந்து போனான். மோதிரத்தை அவன் கைக்கு நேராகத் தள்ளிவிட்டது நான். அதற்குள் அவன் என்னைப் பார்த்தால் மட்டும் சிரிக்கப் பழகியிருந்தான். நான் வேறு என்ன செய்வேன்?

செத்த குழந்தையையும் நான் மறக்கவில்லை. வருடா வருடம் கல்லறைத் திருநாளுக்கு முதல் நாளே நாரத்தை மரத்தடியில் ஒரு மெழுகுவத்தி வைப்பேன். யாராவது கேட்டால், அம்மாவின் செத்துப்போன பூனைக்கு என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். விஸ்தினும்.

காப்பிக் கோப்பைகளை எடுத்து அடுக்கினேன். கஸாரை வாசல்வரை கொண்டுவிட்டு வந்த விஸ்தின், கோட்டுப் பையிலிருந்து இரண்டு மெழுகுவத்திகளை எடுத்து மேசையில் வைத்தான். ஒன்று நல்ல தடிமன். இன்னொன்று விரல் நீளம்தான் இருக்கும்.

"பெருசு அப்பாவுக்கு" என்றான்.

"சின்னது?"

"மரத்தடிக்கு. இந்த வருஷம் நான் ஏத்துறேங்கா. அம்பது வருஷமா அவன் பேரத்தானே வச்சிட்டிருக்கேன்."

கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"யாரு சொன்னா?"

"அம்மா. சாகறதுக்கு முந்துன நாளு."

அம்மா போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அப்படியென்றால் சற்றுமுன் இதே மேசையில், முகத்தைப் பார்க்காமல் உள்ளதைச் சொல் என்றானே, அது விளையாட்டுக்கு இல்லை.

தீப்பெட்டி அடுப்படியில் இருந்தது. எடுத்து வந்து அவன் கையில் கொடுத்தேன்.