மறுபடியும் ஒருமுறை

சன்னல் வெயில் அம்மாவின் ஈரக் கன்னத்தில் விழுந்து மினுங்குகிறது. விபத்தில் பறிகொடுத்த மூத்தவனைப் பற்றி இத்தனை வருடம் வாயே திறக்காதவள், இப்போதுதான் மடை திறந்தாற்போலக் கொட்டித் தீர்த்திருக்கிறாள். கல்லூரியில் சினிமா படிக்கும் மகள், கேமராவுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். போயும் போயும் மைக்கை ஆன் செய்ய மறந்திருக்கிறாள். “அம்மா… சத்தம் பதிவாகலம்மா.” “அதுக்கென்னடி, மறுபடி சொன்னாப் போச்சு.” “வேணாம்மா, விட்டுடு.” “மார்க் போயிடாதா?” அம்மா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொள்கிறாள். மூத்தவனின் நீலச் சட்டையை முன்பு இருந்தபடியே மடித்து மடியில் வைத்து, அதன்மேல் இரு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கிறாள். “வலது கைதானே மேல இருந்துச்சு?” மகள் தலையாட்டிவிட்டு மைக்கை ஆன் செய்கிறாள். படமும் சத்தமும் பொருந்துவதற்காக மகள் சொல்லிக்கொடுத்திருந்தபடி, கேமராவைப் பார்த்து ஒருமுறை கைதட்டிவிட்டு அம்மா தொடங்குகிறாள்: “அன்னைக்கு அவன் சாப்பிடாமக் கிளம்பிட்டான்…” முன்பு உடைந்த அதே இடத்தில் குரல் உடைகிறது. போதும்மா என்று சொல்ல மகள் வாயெடுக்கிறாள். அவள் விரல்களோ லென்ஸைத் திருகி, அழுகிற முகத்தை மெல்ல மெல்ல அருகே இழுத்துக்கொண்டிருக்கின்றன.