சரிவேறிய புகை

மலையுச்சியில் காற்றைச் சோதிக்கும் நிலையத்தில் ரெஜினாவுக்கு வேலை. அவள் கணவன் ஞானதாஸ் அடிவாரத்தில் செங்கல் சூளை நடத்தினான். அங்கே புகை என்பதால், பிறக்கப்போகும் பிள்ளையை மேலேயே வளர்ப்பது என்று முடிவு செய்திருந்தார்கள்.

ஞாயிறன்று அவளைப் பார்க்க நிலையத்து அறைக்கு ஞானதாஸ் வந்தான். காலையில் பள்ளத்தாக்கில் படிந்து கிடந்த புகை, வெயிலில் சரிவு சூடானதும் மெல்ல மேலேறி அவர்களிடமே வந்தது. சூளையில் விறகோடு போடும் முந்திரி ஓடு எரியும் நெடி.

“நம்ம சூளையாக்கும்,” என்றான்.

“தினமும் வருது. சாயங்காலம் காத்து திரும்பினா ஊருக்கே இறங்கிரும்.”

அவன் கூட்டாளிக்கு போன் செய்தான். “அடுத்த சூளைக்குத் தீ வைக்காண்டாம். வேற தொழில் பாப்போம்.”

“அப்ப நான் கீழயே வந்திரட்டுமா?” என்றாள் ரெஜினா.

அவன் கட்டிலடியிலிருந்து அவள் பெட்டியை இழுத்தான்.