தாமரை வயல்

விடியலில் வரப்பில் நின்ற சேரனுக்கு, கதிர் முற்றிய மூன்று ஏக்கர் சம்பாவும் தாமரைக் குளமாகவே தெரிந்தது. ஒவ்வொரு பூவும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு உள்ளவர்கள் ஒருவருக்கொருவர் துணையிருக்கும் வாட்ஸ்அப் குழுவில் எழுதினான்: "இன்னிக்கே வயலை வெட்டிக் குளமாக்கப் போறேன்!"

குழுவைப் பார்த்துக்கொள்ளும் ஷமீராவிடமிருந்து தனியாகப் பதில் வந்தது.

"சேரா, மூணு நாளாத் தூங்கலைதானே? பொக்லைனுக்குச் சொல்லியாச்சா? மாத்திரையை மோட்டார் கொட்டாயில ஒளிச்சு வச்சிருப்பியே?"

சேரனுக்குச் சுர்ரென்று ஏறியது. வீட்டுக்கு ஓடினான்.

"சுடர்! என்னை வேவு பார்த்துக் குழுவுல சொன்னது நீதானே?"

"எந்தக் குழுங்க?" மனைவி சுடர்விழி திகைத்து நின்றாள்.

போனில் ஷமீராவின் அடுத்த செய்தி வந்து விழுந்தது.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. இப்படி ஒரு நாள் வந்தா அனுப்பச் சொல்லி, போன தை மாசம் நல்லா இருந்தப்ப நீங்களே எழுதிக் குடுத்ததுதான். இன்னும் ஒரு வரி இருக்கு."

அந்த வரியும் வந்தது: "இந்நேரம் சுடரைத் திட்டியிருப்பே. அவளுக்கு ஒண்ணும் தெரியாதுடா."

சேரன் போனைச் சட்டைப் பையில் போட்டான்.

"ஒரு சொம்புல தண்ணி எடுத்துக்கிட்டு, மோட்டார் கொட்டாய் வரைக்கும் கூட வாரியா சுடர்?" என்றான்.